உதவிக்கு டெல்வினை அழைக்கவும்

டெல்வின் பர்விஸ் மன்னிக்கிற ரகம் இல்லை. தேவாலயத்தில் பாதிரியார் மன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கிவிடுவாள். முப்பது வருஷமாகப் பக்கத்துப் பண்ணைக்காரி நான். எனக்கு அவளிடம் பிடித்ததே அந்தக் குணம்தான். என் பெயர் நோலீன். இந்தக் கதையில் எனக்கு வேலை கொஞ்சம்தான். ஆனால் எரிகிற அடுப்பில் விறகைத் தள்ளியவள் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நியூசிலாந்தில் எங்கள் டரனாகிப் பக்கத்தில் ஜூலைக் கடைசியில் மாடுகள் ஈனத் தொடங்கும். ஒரு மந்தையில் ஒரே நாளில் இருபது கன்று விழும். எந்த மாடு ஈன்றது, கிடேரியா காளையா, சீம்பால் குடித்ததா என்று மழையில் நின்று நோட்டில் எழுதினால் சாயங்காலத்துக்குள் நோட்டு கூழாகிவிடும். பத்தொன்பது வருஷம் பால் கறந்ததில் டெல்வினுக்கு இடுப்பு போனது. ஹாவெராவில் பால்பவுடர் ஆலையில் மூட்டை கட்டும் வேலைக்குப் போனாள். நாலு நாள் வேலை, நாலு நாள் ஓய்வு. ஓய்வு நாட்களில் துணி துவைக்கிற அறையில் ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு, புத்தகம் பார்த்துப் பார்த்து, கைபேசிக்கு ஒரு செயலி எழுதினாள். பெயர் ‘ஈத்து’. ஒவ்வொரு பொத்தானும் பிஸ்கட் அளவு இருக்கும், சேறு பிடித்த கட்டைவிரலால் அமுக்கலாம். கடைசித் திரையில் ‘உதவிக்கு டெல்வினை அழைக்கவும்’ என்று தன் வீட்டுத் தொலைபேசி எண்ணையே போட்டிருந்தாள். எல்லாரையும் போல மின்னஞ்சல் முகவரி போடேன் என்றேன்.

“மாடு ஈனும்போது எவன்டி மெயில் எழுதுவான்?” என்றாள்.

அறுநூறு பண்ணைகள் சந்தா கட்டின. ஆலை வேலையை விட்டாள். அந்த ஒரு வருஷம் அவள் நடையே வேறு.

அப்போதுதான் கிரெய்க் ஹாலினன் வந்து சேர்ந்தான். உரம் விற்கிற ஒரு கம்பெனியின் ஆள். கூட்டுச் சேரலாம் என்று சொல்லி மூன்று முறை வந்தான். அவள் சுட்ட ஸ்கோன் ரொட்டியில் ஜாமும் க்ரீமும் குவித்துத் தின்றுகொண்டே ஒவ்வொரு திரையையும் காட்டச் சொல்லிப் பார்த்தான். அப்புறம் ஆளைக் காணோம். அடுத்த ஈத்துப் பருவம் தொடங்கி ஒரு வாரம் இருக்கும், விடிகாலை ஐந்து மணிக்கு அவளுக்கு ஒரு போன் வந்தது. நான் கடன் வாங்கிய பால் புட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

“டெல்வினா? பச்சைப் பட்டனை அமுக்கறேன், ஒண்ணும் ஆக மாட்டேங்குது.”

“நம்ம பட்டன் நீலமாச்சேய்யா.”

“இல்லியே, பச்சைதான். உரக் கம்பெனி சும்மா குடுத்தாங்க. கடைசியில உன் பேரும் நம்பரும் போட்டிருக்கு, அதான் கூப்பிட்டேன்.”

ஈயடிச்சான் காப்பி. நீலத்தைப் பச்சையாக்கத் தெரிந்தவன் கடைசித் திரையைப் படிக்கவே இல்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ததுமில்லாமல் அந்த வீட்டு வாசலையே காட்டிக்கொண்டிருந்தான். டெல்வின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அந்த ஆளிடம் போனை அணைத்துப் போடச் சொன்னாள், பொத்தான் வேலை செய்கிற வரைக்கும் கூடவே இருந்தாள்.

இலவசமாகக் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? அறுநூறு பண்ணை வெறும் நாற்பதாகச் சுருங்கியது. திரும்பவும் ஆலை, தலையில் வலைத்தொப்பி, மூட்டை. போன் மட்டும் நிற்கவில்லை. மூன்று பருவம், திருடிய செயலிக்கு அவள்தான் உதவி. எங்கள் பக்கத்தில் கன்று விழும் நேரத்தில் கூப்பிடுகிறவனின் போனை வைக்க மாட்டோம், அவ்வளவுதான். புகார் எல்லாம் இவளிடமே வந்து தீர்ந்துபோனதால், அவள் எண் உள்ளே கிடப்பது உரக் கம்பெனிக்குக் கடைசிவரை தெரியவும் இல்லை.

“உன்கிட்ட திருடினதுன்னு கூப்பிடறவங்ககிட்டயாவது சொல்லேன்டி” என்றேன்.

“கன்னு செத்துடுமோன்னு பயந்துபோய்க் கூப்பிடறான். அவன்கிட்டப் போயி என் பிலாக்கணத்தைப் பாடவா?”

எனக்கு அடிவயிறு எரிந்தது. அவளுக்கு எரியவில்லை என்று நினைத்தேன். அது என் மடத்தனம். அவள் நெருப்புக் கங்கின்மேல் சாம்பல் போட்டு மூடி வைத்திருந்தாள்.

நாலாவது வருஷம் ‘ஹாரோ’ வந்தது. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று பண்ணைக்காரர்களுக்கென்றே செய்த கைபேசி. கையுறையோடு தொடலாம், சாணிக் குழியில் விழுந்தால் கழுவி எடுக்கலாம், ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாலு நாள் ஓடும். அதற்குள் ஓடுகிற மென்பொருள் முழுக்கப் புதிது. பழைய செயலி எதுவும் அதில் ஓடாது, எல்லாரும் முதலிலிருந்து எழுத வேண்டும். டெல்வின் சோதனைக் கைபேசி ஒன்றுக்கு எழுதிப் போட்டு வாங்கினாள். புது உடுப்பைப் பார்க்கிற மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“புதுப் புல்வெளி, நோலீன். முதல்ல போற மந்தைக்குப் புல்லு, பின்னால போற மந்தைக்குச் சேறு. நான் முதல்ல போறேன்.”

“போன தடவை இப்படித்தான் ஒரு புதுப் போனுக்குக் குதிச்சே. அதைச் செஞ்சவன் ஒரே வருஷத்துல கடையை மூடிட்டான்.”

“அதான் பயம். எழுதி முடிக்கறதுக்குள்ள செத்துப்போச்சுன்னா?” என்று சொல்லிவிட்டு உடனே, “ஆனா எவ்வளவு அழகா செஞ்சிருக்கான் பாரு. எழுத எழுதக் கை இனிக்குது” என்றாள்.

பதினொரு மாதம் எழுதினாள். ஐம்பத்திரண்டு வயதில் இதுதான் கடைசி வாய்ப்பு, இது போனால் ஓய்வு பெறுகிற வரைக்கும் மூட்டைதான் என்று அவளே சொன்னாள். ஹாரோ கம்பெனிக்கு அனுப்பி வைத்தாள், ஏற்றுக்கொண்டார்கள். நியூசிலாந்துக்கான தலைமை அதிகாரி நேரில் சந்திக்க வருவதாகக் கடிதம் வந்தது. கீழே கையெழுத்து: கிரெய்க் ஹாலினன். உரக் கம்பெனியை விட்டு ஹாரோவுக்குத் தாவியிருந்தான்.

அவன் வந்த அன்று நானும் வேண்டுமென்றே போய் உட்கார்ந்தேன். ஸ்கோன் கிடையாது. தேநீர்கூட நான்தான் போட்டேன்.

“டெல், பழசையெல்லாம் கிளற வேண்டாம்” என்றான். அவளை டெல் என்று கூப்பிட அவள் புருஷனுக்கே உரிமை இருந்ததில்லை. “ஈத்து இல்லாம ஒரு பண்ணைக்காரனும் ஹாரோ வாங்க மாட்டான். ஒவ்வொரு போன்லயும் உன் ஆப்பைப் போட்டே விக்கறோம். ஒரு போனுக்கு மூணு டாலர் உனக்கு. ஆலைக்கு டாட்டா காட்டிடலாம்.”

“ஒண்ணு கேக்கறேன். கண்காட்சியில மேடையில நின்னு, இவகிட்டதான் திருடினேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு.”

அவன் சிரித்தான். “அட, அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு?”

“சரி, மேடைக்கு நானே வரேன்” என்றாள் டெல்வின். அவள் பொறுமையாகப் பேசினால் எனக்குக் குலை நடுங்கும்.

அவன் கார் வாசலைத் தாண்டியதும் கேட்டேன், “காசை வாங்கிக்கப் போறியா, கழுத்தை அறுக்கப் போறியா?”

“தெரியல. பாவி, அந்தப் போன் ரொம்ப நல்லா இருக்கு.”

“ஆறின கஞ்சி பழங்கஞ்சி. இப்ப விட்டா அவன் இன்னொரு வீட்டுல ஸ்கோன் திம்பான்” என்றேன். இதைத்தான் விறகு என்றேன். என் புருஷன் இரண்டு ஹாரோவுக்கு முன்பணம் கட்டியிருந்தது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன்.

ஜூன் மாத விவசாயக் கண்காட்சி. கூடாரத்தில் முந்நூறு பேருக்குக் குறையாது, எல்லாரும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸோடு. கிரெய்க் தேனொழுகப் பேசிவிட்டு அவளை அழைத்தான். டெல்வின் ஒலிபெருக்கியைப் பிடித்து, “எல்லாருக்கும் வணக்கம்” என்று சொன்னதுதான் தாமதம், பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

“டேய், அஞ்சு மணி டெல்வின்டா இது!”

கூடாரமே சிரித்தது. அவள் முகத்தை யாரும் பார்த்ததில்லை. குரல் எல்லாருக்கும் தெரியும். யார் யார் என்னைக் கூப்பிட்டீங்க, கை தூக்குங்க என்றாள். காடு மாதிரிக் கைகள் எழுந்தன.

“அதுல பச்சைப் பட்டன்காரங்க மட்டும் தூக்குங்க.” பாதிக்கு மேல் கைகள் நின்றன. “பச்சைப் பட்டன் நான் செஞ்சது இல்ல. என்னோடது நீலம். என் வீட்டுல சாப்பிட்டுட்டு, என் ஆப்பை எடுத்துட்டுப் போயி, என் நம்பரை அழிக்க மறந்தவர் இதோ நிக்கறார்.”

கிரெய்க் சிரிப்பை முகத்தில் ஒட்டவைத்தபடியே ஒலிபெருக்கிக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

“இது நல்ல போன். பொய் சொல்ல மாட்டேன், இதுவரைக்கும் வந்ததுலயே நல்ல போன். ஆனா இந்த ஆளு இதை விக்கறவரைக்கும் ஈத்து இதுல இருக்காது.”

பெரிய திரையில் எல்லாரும் பார்க்க, ஹாரோவின் செயலிக் கடைப் பட்டியலில் தன் செயலியைத் திறந்து, நீக்கு என்ற இடத்தை அமுக்கினாள். “உறுதியான்னு கேக்குது” என்று படித்தாள். ஒரு நொடி கை நின்றதை நான் பார்த்தேன். அப்புறம் அமுக்கினாள். எழுதிய மூலப் பிரதிகளையும் அங்கேயே, ஒவ்வொன்றாக அழித்தாள். அவன் திருட மிச்சம் ஒன்றும் இருக்கக்கூடாது என்றாள்.

யாரும் கூச்சல் போடவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். எழுந்து வரிசையாக, இறைச்சி ‘பை’ விற்கிற கடைப் பக்கம் போனார்கள். காலியான நாற்காலிகள் நடுவே கிரெய்க் நின்றான். எனக்கு வயிறு குளிர்ந்தது, மறைப்பானேன்? அன்று மாலைக்குள் முன்பணம் கட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஒரு மாதத்தில் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். டெல்வினும் நானும் ஒரு போத்தல் ஷெர்ரியைக் காலி செய்தோம்.

செப்டம்பரில் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. ஆலையில் தேநீர் இடைவேளையில் இருக்கிறேன், உடனே வா என்று போன் செய்தாள். போனேன். வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல் கடிதத்தை என்னிடம் நீட்டினாள். மரியாதையான கடிதம். நடந்ததற்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள். அவனைப் பற்றி எங்களுக்கு ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் அன்றைக்கே நீக்கியிருப்போம், உங்களை வைத்தே தொடங்கியிருப்போம், இப்போது வேறு வழியில்லை, ஹாரோவை நிறுத்துகிறோம் என்று முடித்திருந்தார்கள்.

ஒரு வரி. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. ஒருத்தன் தப்பு செய்தால் முகத்துக்கு நேரே, நாலு பேர் முன்னால் கேட்போம். முதலாளியிடம் போட்டுக்கொடுப்பது இந்த ஊரில் திருட்டைவிடக் கேவலம். பள்ளிக்கூடத்திலேயே அடித்துச் சொல்லித் தந்துவிடுவார்கள். எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவள் கதையாகிவிட்டது, கத்தியைத் தீட்டிக் கொடுத்தவள் நான்.

“அவன் ஒழிஞ்சான் இல்ல, டெல்வின்?” என்றேன். வேறென்ன சொல்ல?

“ஒழிஞ்சான். அவனுக்காக இன்னொரு தடவைகூடச் செய்வேன்” என்றாள். கடிதத்தை மடித்தாள். அப்புறம் உதடு கோணியது. புருஷன் செத்தபோதுகூட என் முன்னால் அழாதவள். “ஆனா நோலீன், போன் என்னடி தப்பு பண்ணுச்சு? நான் என்ன எழுதினாலும் சொன்னபடி கேட்டுச்சே” என்று மேசையில் தலையைக் கவிழ்த்து, ஆலைச் சங்கு ஊதி எல்லாரும் மூட்டைக்குத் திரும்பிப் போன பிறகும் அழுதுகொண்டிருந்தாள்.