அத்தையின் எஞ்சின்

என் அத்தைக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். பள்ளியில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தோற்றவள், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை பார்த்துக்கொண்டே மூன்று வருடம் தானே படித்து ஒரு கேம் எஞ்சின் எழுதினாள். எஞ்சின் என்பது விளையாட்டு அல்ல. விளையாட்டுக்கு அடியில் ஓடும் நிரல். குதித்தவனைக் கீழே விழவைப்பதும், ஓடியவனைச் சுவரில் நிறுத்துவதும் அதுதான். கதை, படம், பாத்திரம் எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

அதைப் பார்த்துத்தான் ஏழு பேர் வேலை செய்யும் சின்ன ஸ்டுடியோ ஒன்று அவளைச் சேர்த்துக்கொண்டது. அந்த எஞ்சினை வைத்து அவர்கள் செய்த கலங்கரை விளக்க கேமை வாங்க ஒரு பெரிய வெளியீட்டு நிறுவனம் வந்தது. ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தை அத்தையைத் தவிர யாரும் படிக்கவில்லை. விளையாட்டோடு எஞ்சினும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால், தன் எஞ்சினில் அடுத்த கேம் செய்ய அவளே அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

"ஏம்மா, ஒரு வரிக்காக எல்லாத்தையும் கெடுக்காதே," என்றார் முதலாளி.

"கட்டின வீட்டை எடுத்துக்கட்டும் சார். கொத்தனாரோட கரண்டியையும் சேர்த்துக் கேட்டா எப்படி?"

அடுத்து நடந்த கூட்டத்தை அத்தை எங்களுக்கு ஒரு வரி விடாமல் நடித்துக் காட்டியிருக்கிறாள். நிறுவனத்தின் வக்கீல் திரையில் வந்தார்.

"மேடம், எஞ்சினோட ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் ஸ்டுடியோ பேர்தானே இருக்கு?"

அது அத்தை செய்த தவறு. வேலையில் சேர்ந்த வாரம், எல்லா ஃபைலிலும் ஸ்டுடியோ பெயரைத் தானாகப் பதிக்கும் வசதியைப் போட்டபோது, தன் பழைய ஃபைல்களை அவள் விலக்கி வைக்கவில்லை. அந்தப் பெயர் பதியாத மூலப் பிரதி இருந்த வீட்டுக் கணினியும் செத்துப்போயிருந்தது.

அத்தை கொஞ்சம் யோசித்தாள். வேலையில் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்பு இணையத்தில் இலவசமாக வெளியிட்ட நத்தை விளையாட்டை வக்கீலையே திறக்கச் சொன்னாள். வெளியான தேதி அங்கேயே இருந்தது.

"இடது பக்கச் சுவர்ல ஏறி, மூலையில குதிங்க."

நத்தை அந்தரத்தில் ஒட்டிக்கொண்டு, இரண்டு முறை துடித்து, விழுந்தது.

"இப்ப கலங்கரை விளக்கத்துலயும் அதே மாதிரி பண்ணுங்க."

அந்த விளையாட்டின் நாயகனான விளக்கக் காவலாளியும் மூலையில் ஒட்டினார். இரண்டு முறை துடித்தார். விழுந்தார்.

"அஞ்சு வருஷமா திருத்தப் பார்த்து முடியாம அழுத தப்பு சார் இது. ரெண்டுக்கும் அடியில ஓடுறது ஒரே எஞ்சின். என்னோடது."

வக்கீல் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. அவர்களுடைய பொறியாளர் நான்கு நாள் உட்கார்ந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, அத்தை சொன்னது சரி என்று எழுதிக் கொடுத்தார்.

புதிய ஒப்பந்தம் வந்தது. விளையாட்டும் அதன் பெயரும் பாத்திரங்களும் நிறுவனத்துக்கு. எஞ்சின் அத்தைக்கு, இந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்த நிறுவனத்துக்கு அனுமதி. அவள் வீட்டில் அதைச் சத்தமாகப் படித்தபோது என் அப்பா சொன்னார்: "கணக்குல கோட்டை விட்டவ, இப்ப கோட்டையே கட்டிட்டா!"

திங்கட்கிழமை முதலாளி அவள் மேசைக்கே வந்தார். அதுவரை அறைக்குக் கூப்பிட்டுத்தான் பேசுவார்.

"அடுத்த கேமுக்கு உங்க எஞ்சினைத் தருவீங்களாம்மா?"

அத்தை பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்க சார். என்ன நிபந்தனைன்னு சொல்றேன்."