நான் எழுதச் சொன்ன பதில்

அறுபதுகளில் டார்ம்ஸ்டாட்டில் பொறியியல் படித்தபோது ஒரே வீட்டின் மாடியில் மூன்று பேர் வாடகைக்கு இருந்தோம். நான், வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு ஜப்பான்காரர், ஹாங்காங்கிலிருந்து வந்து ஒரு ஜெர்மன் ஓட்டலில் வேலை செய்த சீனச் சமையல்காரர். சமையல்காரருக்கு ஜெர்மன் பத்து வார்த்தை தாண்டாது. ஜப்பான்காரருக்குச் சீனம் பேசவே வராது. ஆனாலும் இருவரும் அடுக்களை மேசையில் மணிக்கணக்காக அரட்டை அடிப்பார்கள், சத்தமே இல்லாமல், காகிதத்தில். இரண்டு மொழிக்கும் நிறைய எழுத்துகள் பொது. உச்சரிப்புதான் வேறு, பொருள் பெரும்பாலும் ஒன்று.

சில சொற்கள் காலை வாரிவிடும். ஜப்பான்காரர் கடிதம் என்று எழுதியதைக் கழிப்பறைக் காகிதம் என்று படித்துவிட்டுச் சமையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். முக்கியமான சொல் வந்தால், அதைப் படிப்பவர் தான் புரிந்துகொண்டதை அந்தச் சொல்லின் பக்கத்தில் படமாக வரைந்து காட்ட வேண்டும். எழுதியவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி. நான் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்பேன். பொறாமையாக இருக்கும்.

ஒரு இலையுதிர் காலத்தில் சமையல்காரருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. மருத்துவமனையில் சேர்த்தோம். வயிற்றில் புற்று, ஈரலுக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொன்னார். மூன்று மாதம் தாங்கலாம். ஊருக்குப் போவதென்றால் இப்போதே போனால்தான் உண்டு. அவரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை நண்பர்கள் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்.

வெறும் புண் என்று எழுதச் சொன்னேன். ஜப்பான்காரர் எழுதினார். எங்கள் ஊரில் நோயாளியிடம் அந்தப் பெயரைச் சொல்லமாட்டோம். ஜப்பானிலும் அப்படித்தானாம்.

ஒரு வாரம் கழித்துச் சமையல்காரர் ஒரு தாளை நீட்டினார். அதைப் படித்துவிட்டு ஜப்பான்காரர் என்னை வெளியே கூட்டிப்போனார். எங்கள் பேச்செல்லாம் அரைகுறை ஜெர்மனில்தான்.

"எப்ப வர்றீங்கன்னு மனைவி கேக்கறாங்களாம். இந்த மாசக் கப்பல்ல போகட்டுமா, உடம்பு தேறி வசந்தத்துல போகட்டுமான்னு நம்மகிட்ட கேக்கறார்."

"வசந்தம்னு எழுதுங்க."

"நேரா கேக்கறார். உண்மையைச் சொல்லிடலாம்."

"சொன்னா ஆள் அந்த நிமிஷமே உடைஞ்சு போயிடுவார். சாகறதுக்கு முன்னாடியே சாகடிக்கணுமா?"

"வசந்தம் ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து. நான் எழுதினா அப்படியே நம்பிடுவார்," என்றார் அவர்.

"நம்பணும்னுதானே எழுதச் சொல்றேன்?" என்று எரிந்து விழுந்தேன். இருபத்துநாலு வயது, எல்லாம் தெரியும் என்ற திமிர்.

எழுதினார். சமையல்காரர் அதன் பக்கத்தில் ஒரு பூ வரைந்து, சரியா என்று எங்களைப் பார்த்தார். ஜப்பான்காரர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அன்றே மனைவிக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

ஜனவரியில் இறந்துபோனார். கடைசி வாரத்தில் பேனா பிடிக்க முடியவில்லை. எங்களைப் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அப்போதும் சிரித்துச் சமாளித்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவியின் கடிதம் வந்தது. ஜப்பான்காரர் அடுக்களையில் உட்கார்ந்து படித்தார்.

"மகள் கல்யாணம் இந்த மாசம் நடக்க வேண்டியதாம். அப்பா வரட்டும்னு வசந்தத்துக்குத் தள்ளி வெச்சிருக்காங்க."

பதில் எழுத எங்களை விட்டால் ஆள் இல்லை. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, "சொல்லுங்க," என்றார்.

நான் எழுந்து போய்த் தண்ணீரை அடுப்பில் வைத்தேன். கடைசியில் அவரே எழுதினார், ஆறேழு வரி. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"இறந்த நாள். அப்புறம், உண்மையை மறைச்சு வசந்தம்னு சொன்னது நாங்க ரெண்டு பேரும், அவர் கடிதம் எழுதினப்ப அவருக்கு எதுவும் தெரியாதுன்னு. கையெழுத்துப் போடுங்க."

அவர் தன் பெயரைச் சமையல்காரர் வீட்டாருக்குப் புரியும் எழுத்தில் போட்டார். நான் தமிழில் போட்டேன். அந்த வீட்டில் யாராலும் அதைப் படிக்க முடியாது என்று தெரிந்தேதான் போட்டேன்.