தனி இலைக்கு உரியவர்

நுளம்பு கடிக்கிறதென்று சாம்பிராணி போட்டிருந்தேன். அந்தப் புகைக்குள் இருமிக்கொண்டே கைபேசியை எடுத்தால், கனடாவிலிருந்து தம்பியின் மகள்.

"மாமி, எங்கட குடும்பப் பேர் எங்கயிருந்து வந்தது எண்டு பள்ளிக்கூடத்தில எழுதச் சொன்னவை. மருதமுத்து ஆர்?"

மருதமுத்து என் அப்பா. இங்கே எங்களுக்கு அது பெயருக்கு முன்னால் நிற்கும் ஓர் எழுத்துதான். அங்கே போனதும் பரம்பரைக்கே பெயராகிவிட்டது. அப்பாவுக்கு அவருடைய தாத்தாவின் பெயரை வைத்தார்கள் என்று சொன்னேன். அந்தத் தாத்தா தன் தம்பியோடு இந்தியாவிலிருந்து தோணியில் வந்து, மன்னாரில் இறங்கி, இந்த வன்னிக் காட்டு வழியே மலையகத் தேயிலைத் தோட்டத்துக்கு நடந்தவர். தம்பி காய்ச்சலில் வழியிலேயே போய்விட்டார். காட்டில் எங்கேயோ புதைத்துவிட்டு அண்ணன் மட்டும் மலையேறினார்.

"அந்தத் தம்பிக்கு என்ன பேர், மாமி?"

"யோசிச்சுச் சொல்லுறன் பிள்ளை" என்று வைத்துவிட்டேன். பொய். யோசித்தால் வருகிற பெயர் இல்லை அது.

சாம்பிராணி என்றாலே எனக்குத் தீபாவளிதான். இனக்கலவரத்தில் தோட்டத்தை விட்டு வந்து இங்கே வன்னியில், ஜெயபுரத்தில் குடியேறிய பிறகும் அப்பா தீபாவளிப் படையலை விடவில்லை. தலைவாழை இலை, கோழிக்குழம்பு, வடை, ஒரு கிளாஸ் சாராயம், சுருட்டு. கற்பூரம் கொளுத்தியதும் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். வீதி வரை கேட்கும். வழியில் செத்துப்போன அந்தத் தம்பித் தாத்தாவுக்கு மட்டும் தனி இலை. அவருடைய பெயரைச் சொல்லி, "நீங்க பக்கத்துலதான் படுத்திருக்கீங்க, வந்து சாப்புடுங்க" என்பார்.

எனக்குப் பதினான்கு வயதிருக்கும். அந்தத் தீபாவளிக்கு, என்னோடு படித்த சாந்தி அக்கராயன் ஊரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வகுப்பில் சிலர் முதுகுக்குப் பின்னால் என்னை இளக்காரமாகத் 'தோட்டக்காட்டாள்' என்பது தெரியும். அதற்காகவே இந்த ஊர்ப் பேச்சை இந்த ஊராரைவிடத் திருத்தமாகப் பேசிக்கொண்டு திரிந்த காலம். அப்பா கற்பூரத்தை எடுத்ததும் ஓடிப்போய்க் காதில் சொன்னேன்.

"அப்பா, சாந்தி நிக்கிறாள். மனசுக்குள்ள கூப்பிடுங்கோ."

"சத்தமா கூப்புடாட்டி அவங்களுக்கு எப்படிம்மா கேக்கும்?"

"மனசுக்குள்ள கும்பிட்டாலும் சாமிக்குக் கேக்குதுதானே?"

வாதத்தில் நான் கெட்டிக்காரி. அன்றைக்கு அப்பாவின் உதடு மட்டும் அசைந்தது. சாந்தியோ வடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடமும் உதடு மட்டும்தான். வீட்டுக்கு ஒருவரும் வராத வருடங்களிலும் அப்படியே.

பிறகு நான் ஆசிரியையாகி, முப்பது வருடம் வகுப்பில் இடாப்பு வாசித்தேன். ஒரு பிள்ளையின் பெயரைக்கூடத் தவறவிட்டதில்லை என்று பெருமை வேறு.

என் வெட்கம் தீர ஒரு யுத்தம் முடிய வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, தகரக் கொட்டிலில் போட்ட முதல் படையல் அது. "அப்பா, இண்டைக்குச் சத்தமாக் கூப்பிடுங்கோ" என்றேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "மருதமுத்து தாத்தா, வாங்க" என்று தொடங்கினார். இன்னும் இரண்டு மூன்று பெயர்கள் வந்தன. தனி இலைக்கு முன்னால் வந்ததும் வாய் திறந்தபடியே நின்றது. கற்பூரம் எரிந்து முடிந்துவிட்டது.

"மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி, எங்க விட்டேன்னு தெரியலம்மா."

என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எனக்கும் அந்தப் பெயர் வரவில்லை. வருடா வருடம் கேட்ட பெயர்தான். எப்போது முடியும் என்று கூசிக்கொண்டு நின்றவளின் காதில் எப்படித் தங்கும்?

அப்பாவும் போய்விட்டார். அவர் சத்தமாகக் கூப்பிட்ட காலத்தில் என் தம்பி கைக்குழந்தை. அவரோடு தோட்டத்திலிருந்து வந்தவர்களில் அந்தப் பெயரைக் கேட்டிருந்தவர் எவரும் இப்போது இல்லை. எந்தக் கடதாசியிலும் அது எழுதப்படவில்லை. தனி இலையை மட்டும் இன்னமும் போடுகிறேன். அதற்கு முன்னால் உட்கார்ந்து "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்கிறேன், சத்தமாகவே. இந்தக் காட்டில் படுத்திருப்பவர் அவர் ஒருவரா? தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?