அருவி வற்றிய பத்தொன்பது நாள்

தவசிக்குச் சொந்த ஊர் நாகலாபுரம். முகம் கழுவிய தண்ணீரையும் கத்தரிச் செடிக்கு ஊற்றும் ஊர். இருபத்திரண்டு வயதில், மேற்கு மலையில் அருவிக்கு எதிரே ரயில் கம்பெனிக்காரர்கள் மாளிகை மாதிரி கட்டியிருந்த ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். முப்பத்தாறு வருஷம் பெட்டி தூக்கினார், படுக்கை விரித்தார். ஆனால் அவர் பேசுவதெல்லாம் பத்தொன்பது நாளைப் பற்றித்தான்.

எழுபத்து நான்காம் வருஷக் கோடையில் அருவி நின்றுபோனது. வெறும் பாறை. மேனேஜர் ஓட்டலை மூடிவிடலாம் என்றார். தவசிதான் மறித்தார். ஊற்றிலிருந்து எடுத்த தண்ணீரை அறைக்கு இரண்டு வாளி என்று அளந்து கொடுத்தார். குளித்த தண்ணீரைப் பிடித்துக் கக்கூசுக்கு அனுப்பினார். அரிசி களைந்த தண்ணீரில்தான் பாத்திரத்துக்கு முதல் கழுவு. "கரிசக்காட்டுக் கஞ்சன்" என்று சமையல்காரர்கள் கேலி செய்தார்கள். ஓட்டல் ஒருநாளும் மூடவில்லை. மேனேஜரோ அறிக்கையில் 'மழை சற்றுத் தாமதம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

பத்து வருஷம் கழித்து, ஓய்வுபெற்றுக் கோவில்பட்டியில் இருந்தவரைத் தேடி ஓட்டல் குமாஸ்தா செண்பகராஜ் வந்தார். ஓட்டலின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறார்களாம். தவசி சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"சார், அந்தப் பத்தொம்பது நாளயும் எழுதிக் கொண்டுபோயிருங்க. எங்காதுக்கு விடுதல கெடைக்கட்டும்," என்றாள் மனைவி வேலுத்தாய்.

தவசி சொல்லி முடித்தார். குமாஸ்தாவின் பேனா அசையவில்லை.

"என்ன தம்பி, எழுதாம இருக்கீய?"

"அண்ணாச்சி, 'வற்றாத அருவி'ன்னு அட்டையிலயே போடப்போறோம். எந்தெந்தத் துரைமாரு தங்குனாவ, அதச் சொல்லுங்க."

"துரைமாரு தின்னுட்டுப் போனாவ. ஓட்டல மூட விடாமப் பண்ணுனது நாந்தான?"

"உங்க பேரு கட்டாயம் வரும். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, போதும்."

தட்டச்சு செய்த தாள். 'என் பணிக்காலத்தில் அருவி ஒருநாளும் வற்றியதில்லை.'

பேர் வரவேண்டும் என்றுதானே இத்தனை வருஷமும் காத்திருந்தது? தவசி பேனாவை வாங்கினார். அந்த வரிக்குக் கீழே, 'பத்தொன்பது நாள் நீங்கலாக' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

செண்பகராஜ் அதை நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார்.

"கடம்பூர்ல சாமித்துரைன்னு உங்ககூட வேல பாத்தவரு இருக்காராமே, வீடு எங்கன?"

"அவன் எழுபத்தாறுலதானவே வேலைக்கே சேந்தான்!" என்று கத்தினார் தவசி.

"ரொம்ப நல்லதாப் போச்சு," செண்பகராஜ் செருப்பை மாட்டினார். "அவரு கையெழுத்துப் போட்டா பொய்யும் இல்ல பாருங்க."