எதைத் தள்ளிப்போட?

மூன்று வருடத்துக்கு முன், நாங்கள் சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் குடியிருந்தபோது நடந்தது இது. கணவருக்குக் கப்பல் பட்டறையில் பொறியாளர் வேலை. மகள் சிசேரியனில் பிறந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: உள்தையல் நன்றாக ஆற வேண்டும், ஒன்றரை இரண்டு வருடத்துக்குக் கரு தங்கக் கூடாது, தங்கினால் தையல் தாங்குமா என்பது சந்தேகம். அதற்கு என்ன ஏற்பாடு என்றும் கேட்டார். பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, தரையைப் பார்த்தபடி வெளியே வந்தேன்.

முதல் பத்து மாதம் கணவர் ஆணுறையில் சமாளித்தார். பிறகு அவருக்கு அலுத்துவிட்டது. இனி நான் மாத்திரை போட்டுக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொன்னேன். அரசு மருத்துவ நிலையமான பாலிகிளினிக் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம்தான். ஆனால் எம்.எஸ்சி. படித்தவள், இதைப் போய் யாரிடமோ கேட்பதா என்று எனக்கு வெட்கமும் வீம்பும் சேர்ந்து வந்தன.

திருச்சியில் இருக்கும் அண்ணியை வீடியோவில் கூப்பிட்டேன். அண்ணிக்குப் பின்னால் கூடத்தில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர்கள் காதில் விழும்படி எதைச் சொல்வது? "அண்ணி, அந்தத் தள்ளிப்போடுற மாத்திரை ஆறு அட்டை வாங்கி அனுப்புங்க" என்றேன். அண்ணி கெட்டிக்காரி, சட்டென்று தலையாட்டினார். ஊருக்குப் போயிருந்த கணவரின் நண்பர் பருப்புப்பொடியோடு அதையும் கொண்டுவந்து கொடுத்தார்.

தினமும் சாப்பிட்டதும் ஒன்று. இரண்டு மாதம் ஒருநாள் தவறவில்லை. மாதவிலக்கும் வரவில்லை. பரவாயில்லையே, மாத்திரை நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

மகளுக்கு ஒரு வயது ஊசி போட பாலிகிளினிக் போனோம். தாதி, அதாவது நர்ஸ், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்பது வயது இருக்கலாம். வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, கருத்தடைக்கு என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டார். நான் பெருமையாகக் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் பெயரைப் படித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். அட்டையை மேசைமேல் வைத்தார்.

"தங்கச்சி, இது பீரியட்ஸ தள்ளிப்போடுற மாத்திரை லா. கோயிலுக்கு, கல்யாணத்துக்குப் போறப்ப போடுவாங்க. பேபிய தள்ளிப்போடாது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அட்டையை எடுத்துப் பின்பக்கத்தை நானும் படித்தேன். நம் வீடுகளில் இரண்டுக்கும் ஒரே பேச்சுத்தானே. போதாக்குறைக்குக் கரு தங்கினாலும் 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்றுதான் சொல்கிறோம். எனக்கு இரண்டு மாதமாகத் தள்ளிப்போயிருப்பது மாத்திரையாலா, மற்றதாலா?

சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சின்ன டப்பா கொடுத்தார்கள். முடிவு வரும்வரை மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊசி வலியில் அவள் அழுதாள். அவளைத் தட்டிக்கொடுக்கக்கூடக் கை வரவில்லை. கணவருக்கு போன் செய்தேன், கப்பலுக்குள் இருந்தார் போல, எடுக்கவில்லை. அடிவயிற்றில் தழும்பு இருக்கும் இடத்தில் கையை வைத்தபடி, டாக்டர் அன்று சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நினைத்துக்கொண்டேன். பயத்தைவிட அவமானம்தான் அதிகம் இருந்தது.

கரு இல்லை. தாதி வந்து சொன்னபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு பரிசோதனை, அதுவரை ஆணுறை, அடுத்த முறை கணவரையும் அழைத்து வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த முறையும் கரு இல்லை என்று உறுதியானது. டாக்டரம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசினார். நான் எடுத்த எடுப்பில், இருப்பதிலேயே எது நல்லது என்று கேட்டேன். அவரோ என்னைப் பற்றித்தான் கேட்டார். தாய்ப்பால் கொடுக்கிறேனா, அடுத்த குழந்தை எப்போது வேண்டும், மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகுமா, ரத்த அழுத்தம் உண்டா. எனக்கு ரத்தச்சோகை இருந்தது. காப்பர் டி போட்டால் போக்கு இன்னும் கூடலாம் என்றார். கைத்தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் குச்சி எனக்குப் பொருந்தும், ஆனால் ரத்தம் எப்போது படும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

எனக்கு அங்கேதான் இடித்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் ரோட்டில் உள்ள கோயிலுக்குப் போகிறவள் நான். நாள் கணக்கு இல்லாமல் எப்படி என்று தயங்கினேன்.

"சாமி எங்கயும் போயிடாதும்மா. உனக்கு ஏதாவதுன்னா நானும் பாப்பாவும் என்ன பண்றது?" என்றார் கணவர். அதுவரை இந்த விஷயத்தில் அவர் வாயே திறந்ததில்லை. குச்சியையே வைத்துக்கொண்டேன். சில வெள்ளிக்கிழமைகள் தவறின, வருத்தமாகத்தான் இருந்தது.

அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் ஆடிப்போய்விட்டார். சிங்கப்பூரில் திருவிழா அதிகம் போல, அதனால்தான் ஆறு அட்டை கேட்கிறாள் என்று நினைத்தாராம். இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும், இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியமும் உண்டு. ஆனாலும் 'குழந்தை' என்ற ஒரு சொல்லைச் சொல்ல வெட்கப்பட்டு, என் மகளைத் தாயில்லாப் பிள்ளையாக்கப் பார்த்தேனே என்று இன்றும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.