ஓட்டைக்காரர் தன் வீட்டை அடைத்த கதை

சுவருக்குள் நுரையைப் பீய்ச்சி, வெளிக்குளிர் வீட்டுக்குள் நுழையாமல் அடைப்பது அவர் தொழில். வாயில் எப்போதும் ஓட்டைப் பேச்சுதான் என்பதால் ஓட்டைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. விருந்துக்குப் போன இடத்திலும் மனிதர் சும்மா இருக்கமாட்டார். மெழுகுவர்த்தியைக் கொளுத்தி ஜன்னல் ஜன்னலாக நீட்டிப் பார்ப்பார். சுடர் ஆடினால் அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவரின் சொந்த வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றவே முடியாது. ஓட்டை உடைசல் வீடு. வாசல் என்று ஒன்று இருப்பதையே மதிக்காமல் காற்று சுவர் வழியாக வந்து போனது. அவர் மனைவி இருபத்திரண்டு வருஷமாக வீட்டுக்குள் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குல்லாயுமாக நடமாடினாள். "அடுத்த வாரம்" என்று அவர் சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது புளித்துப்போயிற்று. கடைசியில் கெடு வைத்தாள்: ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் அக்கா வீட்டுக்கே போய்விடுவாளாம்.

ஞாயிறு போய்ப் புதனும் வந்த பிறகுதான் மனிதருக்குக் கெடு நினைவுக்கு வந்தது. நுரைக் குழாயைத் தூக்கினார். நுரை காயும்வரை வீட்டில் ஆள் இருக்கக்கூடாது. அதனால் அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று, அதுவும் அவரே.

புது வீட்டில் சுவர் திறந்து கிடக்கும். நுரை இஷ்டத்துக்குப் பொங்கும், மிச்சத்தை ரம்பத்தால் சீவித் தள்ளலாம். பழைய வீட்டில் மூடிய சுவரில் துளை போட்டு, பொங்க இடம் விட்டு, கஞ்சனைப் போல ஊற்றவேண்டும். இதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பதற்றத்தில் பழைய வீட்டில் புது வீட்டுக் கைவரிசையைக் காட்டி, நுரையை அளவில்லாமல் ஊற்றிவிட்டார்.

மறுநாள் மாலை அவள் வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். நுரையால் வீங்கியிருந்த கதவு நிலை, கதவைக் கெட்டியாகக் கவ்விக்கொண்டது.

அவர் கத்திப் பார்த்தார், சத்தம் உள்ளே போகவில்லை. கதவிடுக்கில் ஒரு காகிதம் நுழையக்கூட வழியில்லை. நம்ம வேலைதானே என்று அந்த நேரத்திலும் அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அப்போது போன் அடித்தது, உள்ளேயிருந்து அவள்.

"கதவு வரமாட்டேங்குது."

"நிலை வீங்கிடுச்சு. அறுத்தா ரெண்டே நிமிஷம்."

"அப்ப அறுங்க."

ரம்பத்தோடு நின்றார். அறுத்தால் கதவு திறக்கும், திறந்தால் பெட்டியோடு போய்விடுவாள். ரம்பம் மழுங்கிவிட்டது என்றார். தீட்டவேண்டும் என்றார். அரைமணி கழித்துப் போன் பண்ணி, சாப்பிட்டாயா என்று வேறு விசாரித்தார். அறைக்குள் இருப்பது கட்டிலும் அலமாரியும்தானே என்று அவள் எரிந்துவிழுந்தாள்.

அதற்கு மேல் அவரால் நடிக்க முடியவில்லை. "கெடு தவறினது என் தப்புதான். போயிடாத."



"நான் எங்க போறேன்? உள்ள வந்ததுலேர்ந்து வேர்க்குது எனக்கு. ஸ்வெட்டரெல்லாம் பெட்டியில போட்டு வச்சிருக்கேன், பரண்ல ஏத்தணும். மொதல்ல கதவைத் தொறங்க."

இரண்டே நிமிஷத்தில் அறுத்துவிட்டார். ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே வந்து நின்றவளைப் பார்த்தார். இவள் இவ்வளவு ஒல்லி என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனிக்காமல் பெட்டியை நீட்டி, பரணைக் காட்டினாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பரண் கதவைச் சுற்றிலும் நேற்றைய நுரை பிதுங்கி இறுகிக் கிடந்தது. ரம்பத்தை அவர் கீழே வைக்கவில்லை.