இருபத்தேழாம் ஆணி

காலை 6.20, தங்கவயலின் ஊரிகம் ரயில் நிலையம். ஒரு மாத விடுமுறை முடிந்து ஷார்ஜாவுக்குத் திரும்புகிறேன். பெங்களூருக்கு டிக்கெட் முப்பது ரூபாய். பங்காருபேட்டை தாண்டினால் நிற்கக்கூட இடமிருக்காது. எதிர் சீட்டில், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் பக்கத்து லைன் வீட்டு கௌதமன் அண்ணன். ஷார்ஜாவில் நான் சேஃப்டி இன்ஸ்பெக்டராக இருக்கும் அதே கட்டட வேலையில் அவர் பைப் ஃபிட்டர்.

"இன்னா தங்கச்சி, லீவு போனதே தெர்ல. அங்க போயி மறுபடியும் வெந்நீர்ல குளிக்கணும்" என்றார்.

உண்மைதான். அங்கே கோடையில் குழாயைத் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் வரும். ஹீட்டரை அணைத்துவிட்டு, அதன் தொட்டியில் ஆறிக் கிடக்கும் நீரில் குளிக்கிறோம். பஸ் நிறுத்தத்துக்கு ஏசி உண்டு. அதைக் கட்டியவர்கள் போகும் பஸ்ஸில் ஏசி பாதி நாள் ஓடாது. கரக் டீ ஒரு திர்ஹாம், அது மட்டும் குறை சொல்ல முடியாதது. கோபுரங்களின் பளபளப்பை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், எனக்கு அந்த வேலை வேண்டாம்.

தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்குபவர் எண் பொறித்த டோக்கனை எடுத்துப் போவார். மேலே வந்ததும் பலகையில் அதே எண்ணுள்ள ஆணியில் மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்தும் ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று பொருள். அப்பா அப்படித்தான் முப்பது வருடம் இறங்கி ஏறினார். போன வருடம் தகரத்தில் ஆளுக்கொரு டோக்கன் வெட்டிக் கொடுத்து, அதே மாதிரி ஒரு பலகையை ஷார்ஜா சைட் வாசலில் போல்ட் போட்டு மாட்டினேன். வருகை பதிய மெஷின் இருக்கும்போது இது எதற்கு என்று மேனேஜர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் போன பத்தாம் நாள், மாலை 5.40. தொழிலாளர் கேம்புக்கு இருபத்திரண்டு கிலோமீட்டர். நாற்பத்தோரு பேர் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். இருபத்தேழாம் ஆணி காலி. அது கௌதமன் அண்ணனுடையது. அவர் போன் உடை மாற்றும் அறையில் சார்ஜரில் கிடந்தது. நான் பஸ்ஸின் முன்னால் போய் நின்றேன்.

"ஏம்மா, மெஷின்ல எல்லாரும் வெளிய வந்தாச்சுன்னுதான காட்டுது?" என்றார் டிரைவர், திருநெல்வேலிக்காரர். "டோக்கன பையில போட்டுட்டு எங்கனயாவது டீ குடிக்கப் போயிருப்பாரு. வழிய விடும்மா."

ஃபோர்மேன் எல்லோரையும் தன் போனிலிருந்தே மொத்தமாக 'வெளியே' என்று பதிந்துவிடுவது எனக்குத் தெரியும்.

"ஆள் வராம பஸ் நகராதுண்ணே."

பதினோரு மணி நேரம் உழைத்தவர்கள் உள்ளிருந்து கத்தினார்கள். மேனேஜர் போனில் கத்தினார். ஒருவனுக்காக நாற்பது பேரை நிறுத்துவாயா என்றார். ஆமாம் என்றேன். அண்ணன் நிஜமாகவே டீக்கடையில் இருந்தால் என் மானம் கப்பலேறிவிடும். ஆனாலும் நகரவில்லை.

முதலில் இறங்கியது அந்த டிரைவர்தான். டார்ச்சோடு முணுமுணுத்துக்கொண்டே போனார். பிறகு எல்லோரும் இறங்கித் தேடினார்கள். 6.30க்குக் கிடைத்தார், தரைக்கடியில் கட்டியிருந்த தண்ணீர்த் தொட்டிக்குள். வால்வை முறுக்க யாரிடமும் சொல்லாமல் இறங்கியிருக்கிறார். ஆள் இருப்பது தெரியாமல் யாரோ ஏணியைத் தூக்கிப் போய்விட்டார்கள். சட்டையைக் கழற்றிச் சுவரில் சாய்ந்து கிடந்தார், உதடெல்லாம் வெடித்திருந்தது.

"கத்திக் கத்தித் தொண்ட பூட்ச்சு தங்கச்சி" என்றார். சொல்லாமல் இறங்கியதற்கு அவரைத் திட்டிக்கொண்டே அழுதேன்.

மறுநாள் காலை 9 மணி. அண்ணன் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு நன்றாக இருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பலகையைக் கழற்ற வேண்டுமாம். தாமதம் என் தவறு என்று எழுதித் தராவிட்டால் வேலை நீட்டிப்பு கிடையாதாம். எங்கள் ஊரில் ஆணி காலியென்றால் லைன் முழுக்க சுரங்க ஷாஃப்ட் வாசலில் வந்து நிற்கும், மணி என்ன ஆச்சு என்று ஒருவர் கேட்டதில்லை. இங்கே கடிதம் கேட்கிறார்கள். எழுதிக் கொடுத்தேன்: "நேற்று பஸ் ஐம்பது நிமிடம் தாமதம். நிறுத்தியது நான். ஆள் குறைந்தால் நாளையும் நிறுத்துவேன்."

படித்துவிட்டு, பலகையைக் கழற்ற ஃபோர்மேனை அனுப்பினார். அவர் மத்தியானம் வரை அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். நாற்பது பேர் வேலை பார்க்கும் இடத்தில் அன்று ஒருவரிடமும் ஸ்பேனர் இல்லையாம்.